முற்பணம் கட்டிய சோறு

சித்திரை பிறந்தால் நுவரெலியா விடுதிகள் நிரம்பிவிடுகின்றன. அறை கேட்பவரிடம் விடுதியார், "மூன்று வேளை உணவும் சேர்த்தா, காலையும் இரவும் மட்டுமா?" என்று வினவுவது வழக்கம். மூன்று வேளையுமென்றால் கவலையில்லை என்றெண்ணிச் சென்ற ஆண்டு நாமும் முற்பணம் கட்டினோம்.

ஹக்கலைப் பூந்தோட்டம் கண்டு திரும்புகையில் சீதா எலிய அம்மன் ஆலயத்தில் இறங்கினோம். மதியப் பூசை கண்டு செல்வோமே என்றார் அன்னையார். கட்டிய பணம் வீணாகுமே! வாத்தியார் கணக்கு விடுமா? அவரை அவசரப்படுத்தி அழைத்து வந்தோம். விடுதியில் சைவருக்கென இருந்தவை சோறும் பருப்பும் போஞ்சிக்கறியுமே. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை, சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

ஊர் சுற்றும் குடும்பத்துக்கு மதிய உணவைச் சேர்க்காதிருப்பதே தகும். ஹோட்டன் சமவெளியில் உலக முடிவைக் காண்போர் விடியுமுன் புறப்படவேண்டும். முற்பகலிலேயே மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும். அன்றைய காலையுணவைப் பொதியாகக் கட்டித் தருவார்களா என முதல்நாளே கேட்டுக்கொள்க. இராச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிடலாகாது. அக்குளிரிற் பிள்ளைகளுடன் கடை தேடி அலைவது யாரால் இயலும்?

ஹட்டன் பக்கத்துத் தோட்ட பங்களாக்களில் தங்குவோர் நிலை வேறு. கடைத்தெரு தொலைவிலிருக்கும், மூன்று வேளையும் பேசிக்கொள்வதே நன்று. சைவ உணவென்பதைச் சமையற்காரருக்கு முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும்.

வருகிற சித்திரைக்குக் காலையும் இரவும் மட்டுமே கேட்டு எழுதியுள்ளோம். மதியப் பூசை எத்தனை மணிக்கென்று அன்னையார் இப்போதே விசாரிக்கிறார்.