கலம் உடைந்தாலும் பால் சிந்தலாகாது



ஓவியம் அசைய வேண்டும். குழந்தை சுட்டியை அழுத்தியதும் அது மறுமொழி கூற வேண்டும். இவ்விருப்பத்தைக் கணினித் திரையில் எளிதாக நிறைவேற்றிய மென்பொருள்தான் 'ஃபிளாஷ்'. 1996-இல் ஜோனதன் கே என்பாரும் அவர்தம் தோழரும் ஆக்கிய இதனை, அவ்வாண்டின் இறுதியில் மேக்ரோமீடியா நிறுவனம் வாங்கியது. 2005-இல் அது அடோபி நிறுவனத்தின் கைக்கு வந்தது. படத்தைப் புள்ளிபுள்ளியாகச் சேமியாமல், கோடுகளைக் கணக்காகக் குறித்துவைத்ததால் கோப்பு சிறுத்தது. மெதுவான தொலைபேசி இணைப்பிலும் பாடமும் விளையாட்டும் வீடு வந்து சேர்ந்தன.

ஆயினும் தனக்கென அமைந்த 'பிளேயர்' இன்றி அக்கோப்பு திறவாது. அந்தப் பிளேயரிலோ பாதுகாப்பு ஓட்டைகள் பெருகின. தம் கைப்பேசியில் அதற்கு ஏன் இடமில்லை என்று ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் வெளிப்படையாக மடல் எழுதினார். 2020 டிசம்பர் 31-உடன் அடோபி தன் ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் அக்கோப்புகள் ஓடாதவாறு தடுத்தும் விட்டது. 'ரஃபிள்' என்னும் மாற்று மென்பொருளின் துணையால் இணைய ஆவணக் காப்பகம் சிலவற்றை மீட்டு வைத்துள்ளது. மீட்பாரற்றவை ஊமையாயின.

1578-இல் கொல்லத்தில் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. அதன் பிரதி ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இன்றும் உள்ளது. அதைப் படிக்கக் கண்ணும் தமிழும் போதும். ஃபிளாஷோ கால் நூற்றாண்டுக்குள் மறைந்தது.

இதனால் புதுக் கருவிகளை வெறுக்க வேண்டுமென்பதன்று நம் கருத்து. கருவி கலம், அதனுள் இருப்பதே பால். கலம் பழுதாகுமுன் பாலை மாற்றிவைப்பது இல்லத்தாரின் கடமையன்றோ? நம் விழிதியூர் வீடுகளில், திருமண நாள் குறுந்தகட்டிலும், மறைந்த பாட்டியார் செபமாலை சொன்ன குரல் பழைய நாடாவிலும் உறங்கக்கூடும். அவற்றை ஓட்டும் இயந்திரம் அருகிவருகிறது. கடற்கரையின் உப்புக்காற்றும் காத்திராது. இம்மாதமே அவற்றைப் பொது வடிவங்களுக்கு மாற்றி, இரண்டு இடங்களில் வையுங்கள். முக்கியமானவற்றைத் தாளிலும் எழுதுங்கள். நம் திருமுழுக்குப் பதிவேடுகள் தலைமுறைகளைத் தாண்டி நிற்பது அவ்வாறே.

எனினும், பாட்டியாரின் குரலைக் காத்து, அவர் சொன்ன செபத்தைக் கைவிட்டால் பயனென்ன? மாலைதோறும் பிள்ளைகளோடு அதனைச் சொல்லுங்கள். விசுவாசம் அவர்கள் நாவிலும் நெஞ்சிலும் பதிந்து வாழ்வதாக!