கார்புரேட்டர் காலத்து அறிவுரை

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பண்டார் தெங்காராவிலிருந்து கூலாய்க்கோ கோத்தா திங்கிக்கோ அன்றாடம் போய்வருகிறவர்களுக்குப் பெட்ரோல் தள்ளிப்போட முடியாத செலவு. 2025 செப்டம்பர் இறுதியில் மலேசியாவில் புடி95 பெட்ரோல் மானியத் திட்டம் தொடங்கியபோது, லிட்டர் 1 வெள்ளி 99 காசு என்ற மானிய விலைக்கு மாதம் 300 லிட்டர் என்ற வரம்பும் கூடவே வந்தது. லிட்டரை எண்ணிப் பார்க்க அதுவும் ஒரு காரணமானது. இந்தக் கவலைக்குப் பட்டறைகளும் இணையக் கடைகளும் சொல்லும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: இன்ஜினுக்குக் காற்றைத் தாராளமாக விடுங்கள். ஏர் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள், திறந்த ஃபில்டர் போடுங்கள், ஒரு சின்ன சிப் பொருத்துங்கள். இவை கார்புரேட்டர் காலத்து அறிவுரைகள், அல்லது அந்தக் காலத்து நம்பிக்கையை வைத்து விற்கப்படும் சரக்குகள். இன்றைய காரில் காற்று எவ்வளவு தாராளமாக வருகிறது என்பதைவிட, வந்த காற்று எவ்வளவு சரியாக அளக்கப்படுகிறது என்பதே பெட்ரோல் கணக்கை முடிவு செய்கிறது. பணத்தைச் செலவிட வேண்டிய இடமும் அந்த அளவைதான்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இங்கே கணக்கு கிராமில், கொள்ளளவில் அல்ல. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஒரே அளவு இடத்தில் அடங்கும் காற்றின் எடை மாறிக்கொண்டே இருக்கிறது. விடியலின் 24 டிகிரியிலிருந்து நண்பகலின் 34 டிகிரிக்கு வெப்பம் ஏறினால் காற்று சுமார் 3 விழுக்காடு இலேசாகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் நீராவி வேறு ஆக்சிஜனின் இடத்தில் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்கிறது. கேமரன் மலையில், 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவுக்கு ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 15 விழுக்காடு குறைந்துவிடும். 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவின் கார்புரேட்டருக்கு இந்த மாற்றங்களை எடை போட வழியில்லை. தன் தொண்டையில் காற்று விரையும் வேகத்துக்கேற்பப் பெட்ரோலை உறிஞ்சவிடும், அவ்வளவுதான். மலையேறினால் கலவையில் பெட்ரோல் கூடிப்போகும். மெக்கானிக் திருகைத் திருப்பிச் சரிசெய்வார். அந்தக் காலத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் டொயோட்டா வியோசின் முதல் இரண்டு தலைமுறைகளில் காற்றுக் குழாய்க்குள் சூடேற்றிய கம்பி ஒன்று இருக்கிறது. கடந்துபோகும் காற்று அதைக் குளிரவைக்கிறது, அந்தச் சூட்டைக் காக்கத் தேவைப்படும் மின்சாரத்திலிருந்து காற்றின் எடையைக் கணினி நேரடியாகவே அறிகிறது. 2005-இல் வந்த முதல் பெரோடுவா மைவியும் புரோட்டோனின் கேம்ப்ரோ இன்ஜின்களும் வேறு வழியில் போகின்றன. இன்ஜினுக்குள் நுழையும் காற்றின் அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, அடர்த்தியைக் கணக்கிட்டுக்கொள்கின்றன. எந்த வழியானாலும் காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும்.

அடைபட்ட ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்ற பேச்சை அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்துப் பார்த்து, 2009-இல் முடிவை வெளியிட்டது. கணினி பெட்ரோல் விடும் கார்களில் ஃபில்டரை அடைத்தும் பெட்ரோல் செலவில் சொல்லத்தக்க மாற்றமில்லை, வேகமெடுப்பதுதான் மந்தமானது. ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்துக்கொண்ட 1972-ஆம் ஆண்டு கார்புரேட்டர் காரில்தான் செலவு கூடியது. அப்படியானால் ஃபில்டரை மாற்றவே வேண்டாமா என்று கேட்பது நியாயம். மாற்றத்தான் வேண்டும், அதுவும் தோட்டத்து மண்சாலையில் ஓடும் காருக்குக் கட்டாயம் வேண்டும். கிழிந்த ஃபில்டர் வழியே போகும் செம்மண் தூசி சிலிண்டரை அரைக்கும், சூட்டுக்கம்பியின் மீதும் படியும். அது இன்ஜினின் ஆயுளுக்கான செலவு. பெட்ரோல் மிச்சம் என்று அதை விற்பதுதான் தவறு. திறந்த ஃபில்டரோ, மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள் தகிக்கும் காற்றையே இழுக்கிறது. எண்ணெய் தடவும் வகையானால், அளவு மிஞ்சிய எண்ணெய் கம்பியில் ஒட்டும். பந்தயத்துக்கென மாற்றிக் கட்டிய இன்ஜினில் அதற்குப் பயன் இருக்கலாம். வேலைக்குப் போய்வரும் காரில் சத்தம்தான் மிச்சம்.

சிப் வியாபாரம் இன்னும் வேடிக்கையானது. இவற்றில் ஒருவகை, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் கம்பியில் சேர்க்கும் வெறும் ரெசிஸ்டர்தான். காற்று உள்ளதைவிடக் குளிர்ந்திருக்கிறது என்று அது கணினியிடம் பொய் சொல்லும், கணினியும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து, கூட்டியதைச் சீக்கிரமே கழித்துவிடும். இந்தக் கூட்டல் கழித்தலுக்கு ஃபியூல் டிரிம் என்று பெயர். காரின் வயிற்றுக் கணக்கை அறிய இதைவிட நேர்மையான எண் வேறில்லை. ஆக்சிஜன் சென்சார்தான் எல்லாவற்றையும் திருத்திவிடுகிறதே, அளக்கும் சென்சார் அழுக்கானால் என்ன என்றும் கேட்கலாம். பெடலை முழுக்க மிதிக்கும்போது பல கார்கள் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்பதில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லாரியை முந்த வேண்டிய அந்த நேரத்தில், அழுக்குப் படிந்த கம்பி காற்றைக் குறைத்துச் சொல்ல, பெட்ரோலும் குறைந்து இழுவை தளரும்.

அனுபவமுள்ள மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார், இதற்கெல்லாம் எண்கள் எதற்கு என்பது பட்டறைகளின் வாதம். அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரே கோளாறு இரண்டு கார்களில் இரண்டு விதமாகப் பேசும். கம்பிக்கும் த்ரோட்டிலுக்கும் அப்பாலுள்ள ரப்பர் குழாயில் ஒரு வெடிப்பு என்று வைத்துக்கொள்வோம். வியோசில் அந்த வழியே நுழையும் காற்று அளவைக்குத் தப்பிவிடுகிறது. ஐட்லிங்கில் டிரிம் எகிறும், வேகம் கூடினால் தணியும். பழைய மைவியில் அதே இடத்தில் வெடித்தால் அழுத்தம் உயரும், கணினி அதற்கேற்பப் பெட்ரோல் விடும், ஐட்லிங் ஏறும், டிரிம் பெரிதாக அசையாது. ஒன்றில் கற்ற பாடத்தை மற்றதில் போட்டால், ஒரு ரப்பர் குழாயோடு முடிய வேண்டிய வேலைக்குச் சென்சாரையே மாற்றிவிடுவார்கள். டிரிம் எண்ணைப் படிக்கும் கருவி வாங்கச் சிறுபட்டறைக்கு வசதியில்லை என்பதும் இப்போது எடுபடாது, சில பத்து வெள்ளிக்கு விற்கும் இணைப்பானும் ஒரு கைப்பேசியும் பல கார்களுக்குப் போதும். தனி மொழியில் பேசும் சில பழைய உள்ளூர் மாடல்களுக்கு மட்டும் அவற்றுக்குரிய கருவி தேவைப்படும். ஆகவே சென்சாரை மாற்றச் சொல்லும் பட்டறையிடம் டிரிம் எண்ணைக் கேளுங்கள், கழற்றுவதற்கு முன் ஒன்று, மாட்டி ஓட்டிய பின் ஒன்று என இரண்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால், புதிய பாகத்தின் விலை யார் தலையில் என்ற பேச்சைப் பட்டறை வாசலிலேயே வைத்துக்கொள்ளலாம்.