முதல் அடி யார் தலையில்?

வீட்டுக் கணக்கு எழுதும் நேயர்களுக்கு இந்த வாரம் ஒரு வார்த்தை. வைத்திய இன்ஷியூரன்ஸ் எடுக்கும்போது நாம் முதலில் பார்ப்பது பிரீமியத்தையே. எது குறைவோ அதில் கையெழுத்திட்டு விடுகிறோம். ஏன் குறைந்தது என்று கேட்பவர் வெகு சிலரே.

காரணம் பெரும்பாலும் பத்திரத்தினுள் இருக்கும் 'டிடக்டிபிள்' என்ற சொல்தான். வருஷத்தில் இன்ன தொகை வரையில் வைத்தியச் செலவை நாமே ஏற்கவேண்டும். அதற்கு மேற்பட்டதையே கம்பெனி கொடுக்கும் என்பது அதன் பொருள். இதில் மோசடி ஏதுமில்லை. கம்பெனியின் சுமை குறைவதால் பிரீமியமும் குறைகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பாலிஸிக்கு வருஷப் பிரீமியம் 12,000 ரூபாய், டிடக்டிபிள் கிடையாது. மற்றொன்றுக்குப் பிரீமியம் 7,000. டிடக்டிபிள் 50,000 என்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் ஆஸ்பத்திரி வாசலை மிதியாதவருக்கு இரண்டாவது பாலிஸியால் 50,000 ரூபாய் மிச்சம். மூன்றாம் வருஷத்திலேயே 40,000 ரூபாய் செலவு நேர்ந்தவருக்கோ, அதுவரை மிஞ்சியது 15,000. கையை விட்டுப் போவது 40,000. கம்பெனியிடமிருந்து வருவது பூஜ்யம்!

பாங்கியில் கையிருப்பு உள்ளவர் இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்வார். முதற் செலவை ஏற்க எஜமானர் எடுத்துக் கொடுத்த பாலிஸி ஒன்று இருப்பவருக்கும் கவலையில்லை. இரண்டும் இல்லாதவர் மனைவியின் வளையலை அடகுக் கடைக்குக் கொண்டு போகிறார், வட்டியும் சேருகிறது. குறைந்த பிரீமியத்தைக் கண்டு மயங்குகிறவரும் அநேகமாக இவரே என்பதுதான் பரிதாபம்.

அமெரிக்காவில் ராண்ட் ஸ்தாபனத்தார் 1974 முதல் 1982 வரையில் இதைப் பற்றி ஒரு பெரும் பரிசோதனை நடத்தினார்கள். சில குடும்பங்களுக்கு வைத்தியம் முற்றிலும் இலவசம். வேறு சிலர் ஒரு வரம்பு வரையில் செலவில் நூற்றுக்கு 95 பங்கைத் தாமே கொடுக்கவேண்டும். அந்த வரம்பு குடும்ப வருமானத்துக்குத் தக்கபடி வகுக்கப்பட்டிருந்தது. கைப்பணம் கொடுத்தவர்களின் வைத்தியச் செலவு சுமார் 30 சதவிகிதம் குறைந்தது. பெரும்பாலோருக்கு அதனால் தேகக் கெடுதி காணப்படவில்லை. ஆனால் இரத்த அழுத்தம் உள்ள ஏழைகளின் நிலை இலவச வைத்தியத்திலேயே மேலாக இருந்தது. வேண்டாத வைத்தியத்தைக் குறைக்கும் அதே ஏற்பாடு, வேண்டிய வைத்தியத்தையும் குறைத்துவிடுகிறது.

ஆகவே, 'பிரீமியம் எவ்வளவு?' என்று ஏஜெண்டைக் கேட்பதோடு நில்லாதீர்கள். 'அந்த முதல் தொகையை நாளைக் காலையில் கடன் வாங்காமல் எண்ணி வைக்க முடியுமா?' என்று உங்கள் பணப்பெட்டியையும் கேளுங்கள். முடியுமானால் டிடக்டிபிளை ஏற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் மிஞ்சுவதைத் தனியே சேர்த்து வையுங்கள். முடியாதென்றால், அதிகப் பிரீமியமுள்ள பாலிஸியே உங்களுக்கு மலிவு.