பாத்ரூம் ஜன்னலுக்கு பிளைண்ட்ஸ் வாங்கப் போறீங்களா? முதல்ல அட்வான்ஸைப் பாருங்க!

காரைக்குடிக்கு டிரான்ஸ்ஃபரில் வருகிற பேங்க் ஊழியர், சிக்ரி ஆய்வகத்தில் ப்ராஜெக்டில் சேர்கிறவர், அழகப்பா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து வருகிறவர்... பெரும்பாலும் இரண்டு, மூன்று வருஷத்துக்குத்தான் வாடகைக்கு வீடு பிடிக்கிறோம். பால் காய்ச்சி குடிபோன பிறகுதான் கவனிப்போம்: பாத்ரூம் ஜன்னலில் சாதாக் கண்ணாடி, எதிரே பக்கத்து வீட்டு மொட்டை மாடி.

உடனே போனை எடுத்து பிளைண்ட்ஸ் தேடுவோம். "பொருத்திக் கொடுக்க ஆள் வரும்" என்று போட்டிருந்தால் ஆர்டரும் போட்டுவிடுவோம். ஒரு நிமிஷம் நிறுத்துங்க. வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து பிளைண்ட்ஸ் மாட்டுவது பணத்துக்குப் பிடித்த கேடு. இதுதான் என் கருத்து. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

கணக்கைப் போடுவோம்

எல்லாம் உதாரண எண்கள்தான், உங்க ஊர் விலையைப் போட்டுக்கோங்க. பிளைண்ட்ஸ் 1,500 ரூபாய், மாட்டுகிற கூலி 500, ஆக 2,000. இரண்டு வருஷம் இருந்தால் மாதம் சுமார் 83 ரூபாய். காலி பண்ணும்போது அதைக் கழற்றி எடுத்துப் போகலாம், ஆனால் அடுத்த வீட்டு ஜன்னல் அதே அளவில் இருக்காது. டிரில் போடும்போது ஒரு டைல்ஸ் விரிசல் விட்டு, ஓனர் அட்வான்ஸில் 2,000 பிடித்தால் கணக்கு மாதம் 167 ரூபாய்க்குப் போய்விடும்.

கண்ணாடியில் ஒட்டுகிற ஃப்ராஸ்டட் ஃபிலிம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 12 ரூபாய் 50 காசு. மிச்சமாகும் 1,700 ரூபாயை எஸ்ஐபியில் போட்டால் கோடீஸ்வரன் ஆகலாம் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். பிரச்சினை அந்த 1,700 இல்லை. உங்க பணம் பெரிய அளவில் மாட்டியிருப்பது அட்வான்ஸில். வாடகை 10,000, அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 50,000 ரூபாய் ஓனர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டையும் அதில் கை வைக்க ஒரு காரணம்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது அது. காலி பண்ணிய ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரணும் என்றும் சொல்கிறது. ஆனால் வாடகைக்காரர் தரவேண்டியதைக் கழித்துக்கொண்டுதான். ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால், ஜன்னல் கண்ணாடி உடைந்தால் மாற்றுவதும் நம்ம பொறுப்பில் வருகிற சின்ன ரிப்பேர்தான். அதனால் துளை போடாவிட்டாலும் கண்ணாடியில் கவனம் வேணும்.

செட்டிநாட்டு வீடு என்றால் டபுள் கவனம்

பழைய வீட்டில் ஒரு போர்ஷன் எடுத்திருக்கிறீர்களா? அது சிமென்ட் சுவர் இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. டிரில்லை வைத்தால் ஸ்க்ரூ அளவுக்கு மட்டும் ஓட்டை விழாது, பூச்சு உதிர்ந்து கையளவு பள்ளம் ஆகிவிடும். அந்தப் பளபளப்பை அதே மாதிரி திரும்பப் பூசுகிற கொத்தனாரைத் தேடுவதும் சுலபமில்லை.

டிரில் வேண்டாம் என்று பசை ஸ்டிக்கர் கொக்கி ஒட்டினாலும் இங்கே வேலைக்கு ஆகாது. ஈரத்தில் பசை விட்டுவிடும், அல்லது பிடுங்கும்போது வெள்ளையடித்த பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். "நோ டிரில்" என்று பெட்டியில் எழுதியிருப்பதால் சேதமே இல்லை என்று அர்த்தமில்லை. பசை வழவழப்பான டைல்ஸிலும் கண்ணாடியிலும்தான் ஒழுங்காக நிற்கும்.

அப்போ என்ன வாங்கலாம்?

முதலில் எதுவும் வாங்காதீங்க. ராத்திரி பாத்ரூம் லைட்டைப் போட்டு, வீட்டில் ஒருவரை உள்ளே நிற்கச் சொல்லி, வெளியே மாடியிலிருந்து பாருங்க. கண்ணாடி ஏற்கெனவே சொரசொரப்பாக இருந்து, ஆள் அடையாளம் தெரியவில்லை என்றால் செலவு பூஜ்யம்.

தெரிகிறது என்றால் பசையில்லாத ஃப்ராஸ்டட் ஃபிலிம். கண்ணாடியைத் துடைத்து, சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமை வைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் தேய்த்தால் காற்றுக்குமிழி போய் ஒட்டிக்கொள்ளும். காலி பண்ணும்போது ஓரத்தைப் பிடித்து உரித்தால் போதும். ஒரு விஷயம்: கண்ணாடி மாதிரி பளபளக்கும் "ஒன் வே" ஃபிலிம் வாங்காதீங்க. பகலில் உள்ளே தெரியாது. ராத்திரி உள்ளே லைட் எரிந்து வெளியே இருட்டாக இருந்தால் அப்படியே தலைகீழ். நாம் மறைவாக இருக்கிறோம் என்று நினைப்போம், வெளியே இருப்பவருக்கு எல்லாம் தெரியும்.

ஜன்னலைத் திறந்து வைத்தே குளிக்கணும் என்றால் டென்ஷன் ராட். உள்ளே ஸ்பிரிங் இருக்கும் கம்பி, எதிரெதிர்ப் பக்கங்களில் அழுந்தி நிற்கும். பழைய வீட்டுச் சுவர் தடிமன் என்பதால் ஜன்னல் குழி ஆழமாக இருக்கும், கம்பி உள்ளேயே அடங்கிவிடும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சில் அழுத்தாமல் மரச்சட்டத்தில் நிற்கிற மாதிரி அளவெடுங்க. துரு பிடிக்காத ஸ்டீல் வாங்குங்க. அதில் ஜன்னலின் கீழ்ப் பாதிக்கு மட்டும் மெல்லிய பருத்தித் துணி போதும். தெருக்கோடி டெய்லர் தைத்துக் கொடுப்பார், வாரம் ஒருமுறை துவைக்கலாம். மூங்கில் தட்டி முற்றத்துக்கு அழகு. நாள்பூரா ஈரமாக இருக்கும் பாத்ரூமில் பூஞ்சை பிடிக்கும்.

இதில் மட்டும் காசு பார்க்காதீங்க

சாய்ந்த கண்ணாடிப் பட்டைகள் செருகிய வென்டிலேட்டர் என்றால் மொத்தமாக மூடி ஒட்டாதீங்க. ஒவ்வொரு பட்டைக்கும் தனித்தனியாக ஃபிலிம் வெட்டி ஒட்டுங்க, காற்று போகட்டும்.

பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தால் வென்டிலேட்டரை எதனாலும் அடைக்கவே கூடாது. காற்றோட்டம் இல்லாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளித்துக்கொண்டு இருக்கும்போதே மயங்கி உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. மறைவு வேணும் என்பதற்காக மூச்சை அடைக்க வேண்டாம். அந்த கீசரை வெளியே மாற்றச் சொல்லி ஓனரிடம் கேளுங்க. அந்தச் சண்டை போடத் தகுந்த சண்டை.

மறைவு என்பது ஆடம்பரம் இல்லை. வீட்டில் அம்மாவோ தங்கையோ மனைவியோ நிம்மதியாகக் குளிக்கணும், அதற்கு முதல் வாரத்திலேயே செலவழிங்க. நான் சொல்வது, நாம் தங்கப் போகிற காலத்துக்கு ஏற்ற செலவு, சுவரில் தடம் விடாத செலவு. சொந்த வீடு கட்டும்போது தேக்குச் சட்டத்தில் பிளைண்ட்ஸ் போடுங்க, நானே வந்து பார்க்கிறேன்.

இப்போதைக்கு மூன்று வேலை. குடிபோகும் நாளிலேயே பாத்ரூம் சுவர், டைல்ஸ், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. எதையாவது துளைத்தே ஆகணும் என்றால் "சரி" என்ற பதிலை எழுத்தில் வாங்குங்க. பிறகு டேப்பை எடுத்து ஜன்னலின் உள் அளவை இன்ச் கணக்கில் குறித்துக்கொண்டு, அதற்கப்புறம் கடைக்குப் போங்க.