இரண்டு நாளில் ஷாங்காய்

வியாபார விஷயமாக இரண்டு நாள் ஷாங்காய் போய் வருபவர்கள் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்துக்குள் கடக்கும் காந்த ரயில், 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர், இரவில் ஜொலிக்கும் ஹுவாங்பு நதிக்கரை. "எப்படி வளர்ந்துட்டாங்க!" என்று ஒரே வியப்பு.

வியப்பதில் தவறில்லை. 1990-ல் புதூங் பகுதியை வளர்க்கப்போவதாகச் சீன அரசு அறிவித்தபோது அங்கே பெரும்பகுதி வயல்வெளிதான். ஆனால் அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்கள், ஓட்டல் அறையைத் துடைப்பவர்கள் யார்? 2020 கணக்கெடுப்பின்படி ஷாங்காயில் வசிக்கும் சுமார் 2.5 கோடிப் பேரில் 1 கோடிக்கும் அதிகமானோர் வெளியூர்க்காரர்கள். 'ஹூகோ' என்னும் குடும்பப் பதிவு சொந்த ஊரிலேயே இருப்பதால், இவர்களில் பலருடைய பிள்ளைகள் கல்லூரி நுழைவுத் தேர்வை ஷாங்காயில் எழுத முடியாது. படிப்புக்காகப் பெற்றோரைப் பிரிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இரண்டு நாளில் இதெல்லாம் கண்ணில் படாது. அது பயணியின் குற்றமும் அல்ல. ஆனால் திரும்பி வந்ததும், "அங்கே எல்லாரும் நல்லா இருக்காங்க" என்று தீர்ப்புச் சொல்வதுதான் தவறு. அடுத்த முறை போகிறவர், அறையைத் துடைக்க வருபவரிடம் "சொந்த ஊர் எது, பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.