உருக்குமுன் ஒரு பார்வை

"இன்று சவரன் என்ன விலை?" என்று கேட்காத வீடு நம் ஊரில் உண்டா? ஆனால் சவரன் என்பது ஒரு நாணயத்தின் பெயர் என்பதைத் தோழியரே, நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? ஆங்கிலேயரின் 'சாவரின்' என்னும் பொற்காசே நம் நாவில் சவரன் ஆயிற்று. 'பவுண்டு' பவுன் ஆயிற்று. தரம் 22 காரட், எடை 7.98 கிராம். கடைக்காரர் அதையே 8 கிராமாகக் கணக்கிடுகிறார்.

அக்காசின் ஒரு பக்கம் அரசரின் தலை. மறுபக்கம் குதிரைமீதமர்ந்து அரக்கப் பாம்பை எதிர்க்கும் புனித ஜார்ஜியார். 1817ஆம் ஆண்டுக் காசுக்காகப் பிஸ்துருச்சி என்ற இத்தாலியச் சிற்பி செதுக்கிய உருவம் அது. எல்லாக் காசும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை! சென்ற நூற்றாண்டுக் காசுகளில், குதிரையின் காலடித் தரையில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, கடுகிலும் சிறிதாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கக்கூடும். 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' மெல்போர்ன், 'பி' பெர்த், 'சி' கனடாவின் ஒட்டாவா. எழுத்தே இல்லையென்றால் லண்டன். 'ஐ' என்றிருந்தால் அன்றைய பம்பாய்! முதல் உலகப் போர்க் காலத்தில், 1918ஆம் ஆண்டில், அங்கே ஏறத்தாழ 13 இலட்சம் காசுகள் அச்சாயின. மறு ஆண்டே அந்தக் கிளையை மூடிவிட்டார்கள். லண்டனிலோ 1911 என்ற ஒரே ஆண்டில் மூன்று கோடி!

எங்கள் பாட்டியிடம் நான்கு பவுன் காசுகள் இருந்தன. அக்காவின் திருமணத்துக்கு மூன்றை அழித்துச் சங்கிலி செய்தோம். பத்தர் உரைத்துப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார். ஆண்டையும் எழுத்தையும் அவர் பார்க்கவில்லை; நாங்களும் பார்க்கச் சொல்லவில்லை. எஞ்சிய காசைப் பள்ளி ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். 1911, எழுத்தில்லை, லண்டன். போன மூன்றில் என்ன இருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியாது.

திருமணத்துக்குப் பொன் வேண்டுமா என்று வாதிட நான் வரவில்லை. (அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்!) பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் வீட்டில் "பழங்காசை அழிக்காதீர்கள்" என்பது ஆகாத பேச்சு. நாணயம் சேர்ப்பது செல்வர் வீட்டுப் பொழுதுபோக்கு, அழிந்துபோகும் செல்வத்தின்மேல் வீண் பற்று என்பாரும் உண்டு. விலைக்காகச் சேர்ப்போர் விஷயத்தில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கடுகெழுத்தைத் தேடுபவர், "நீ எந்த ஊரில் பிறந்தாய்?" என்றல்லவா காசைக் கேட்கிறார்? அதைக் கேட்கப் பொன்னுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. காசின்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தால் குதிரையும் ஆண்டும் பதிந்துவிடும். எழுத்தைக் கண்ணாடியால் பார்த்துப் பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். பட்டறைக்குப் போகுமுன் ஐந்து நிமிடம் போதும். வளையம் பற்றவைத்த காசைச் சேகரிப்போர் குறையுள்ளது என்று ஒதுக்குவார்கள். நமக்கோ, அதைப் பாட்டி கழுத்தில் அணிந்தார் என்பதற்கு அந்த வளையமே சாட்சி. அதையும் சேர்த்தே தேய்க்க வேண்டும்.

எங்கள் நான்காம் காசின் படம் என் வரலாற்று நோட்டில் இருக்கிறது. அதைக் கண்ட பக்கத்து வீட்டு அத்தை, தம் காசுமாலையை முந்தானையில் மறைத்து எடுத்து வந்து, "இதிலே என்ன எழுத்து இருக்குன்னு பாரும்மா" என்றார். பதினெட்டுக் காசுகள், ஏழு பார்த்தாயிற்று. கண்ணாடியைத் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் திருப்பித் தர வேண்டும்.