தஞ்சாவூர் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜாவா தீவுக்கும் என்ன சம்பந்தம்?

தஞ்சாவூர்ல ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினா, விடியும்போது சென்னை. டெல்டா பக்கத்துல இருந்து படிப்புக்கும் வேலைக்கும் எத்தனையோ பேர் ஏறுற ரயில். அதுலயே, காதலிக்கிற ரெண்டு பொண்ணுங்க வீட்டுக்குத் தெரியாம ஏறினா? மறுநாள், 'பொண்ணைக் காணோம்'னு ஸ்டேஷனுக்குப் புகார் போகும். அதுக்கப்புறம் எல்லாமே அந்த ஸ்டேஷன் கையிலதான்.

மதுரையைச் சேர்ந்த ரெண்டு பெண்கள் இப்படித்தான் சென்னைக்கு வந்தாங்க. வீட்டுல இருந்து 'காணவில்லை' புகார். பாதுகாப்பு கேட்டு அவங்க சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தைத் தானே இன்னும் புரிஞ்சுக்கணும்னு சொல்லி, உளவியல் நிபுணர்கிட்ட உட்கார்ந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டார். 2021 ஜூன் 7-ல அவர் போட்ட உத்தரவு இதுதான்: காணாமப் போனதா சொல்லப்படுறவங்க விருப்பத்தோட சேர்ந்து வாழுற மேஜர்கள்னு தெரிஞ்சா, வாக்குமூலம் வாங்கிட்டுப் புகாரை முடிச்சுடணும். தொல்லை தரக் கூடாது.

2022-ல தமிழக அரசு போலீஸ் நடத்தை விதிகள்ல 24-சி என்ற புது விதியைச் சேர்த்தது. தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்ட பால்புதுமையினரை போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்பதுதான் அந்த விதி. பாபநாசம், ஒரத்தநாடு ஸ்டேஷனுக்கும் இது பொருந்தும்.

சரி, ஜாவா எங்க வந்துச்சு? நம்ம டெல்டா மாதிரியே நெல் விளையுற அந்தத் தீவுல, யோக்யகர்த்தா நகரத்துல, 2006 நவம்பர்ல பல நாட்டுச் சட்ட நிபுணர்கள் கூடினாங்க. மனித உரிமைச் சட்டங்கள் பாலின அடையாளத்துக்கும் பாலீர்ப்புக்கும் எப்படிப் பொருந்தும்னு 29 கோட்பாடுகளா எழுதினாங்க. எந்த நாடும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இல்ல. ஆனா, திருநர் உரிமைக்கான 2014 தீர்ப்புல, நம்ம அடிப்படை உரிமைகளுக்கு முரண்படாத வரைக்கும் இதைப் பின்பற்றணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அன்றிலிருந்து அது நம்ம கோர்ட்ல பேசுற பாஷை ஆயிடுச்சு.

இவ்வளவு இருந்தும் என்ன ஆச்சு? 2025 மே மாசம் உயர் நீதிமன்றத்துக்கு வந்த வேலூர் மாவட்ட வழக்கைப் பாருங்க. 25 வயசுப் பெண்ணை வீட்டுல அடைச்சு வெச்சு, அடிச்சு, 'சரியாக்க' சடங்கு வேற பண்ணியிருக்காங்க. புகார் போன இடத்துல போலீஸ் அவரைப் பெற்றோர்கூடப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்தியிருக்கு. போலீஸைக் கண்டிச்ச நீதிபதிகள், குடும்பம் அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லைன்னும் சொல்லி, அவரோட விருப்பப்படி விட்டாங்க. விதி வந்து மூணு வருஷம் ஆகியும், அந்தப் பெண்ணுக்கு விடுதலை ஸ்டேஷன்ல கிடைக்கல. கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு.

'ஊர்ல எப்படித் தலைகாட்டுறது'ன்னு அப்பா ஸ்டேஷன்ல கலங்கி நிற்கும்போது, விதியை விட அந்தக் கண்ணீர்தான் பெருசா தெரியுது. அதனாலதான் தீர்ப்பு மட்டும் போதாது. எழுத்தர் மேசையில உட்கார்ந்திருக்கிறவருக்கு 24-சி தெரியணும். நமக்கும் தெரியணும்.

உங்களுக்கோ, ஃப்ரெண்டுக்கோ இந்த நிலைமை வந்தா 15100-க்கு போன் பண்ணுங்க. இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அந்த 2014 வழக்கைத் தொடுத்ததே இந்த எண்ணை நடத்துற தேசிய சட்டப் பணிகள் ஆணையம்தான்!